சீமோர் க்ரே: வேகத்தோடும் சூட்டோடும் மல்லுக்கட்டிய 'சூப்பர் கம்ப்யூட்டர்' மனிதர் - உங்கள் டெஸ்க்டாப் ஓவர்கிளாக்கிங்குக்கு அவர் வாழ்க்கை சொல்வது என்ன?

உங்க டெஸ்க்டாப்பில் பயாஸைத் திறந்து, பிராசஸர் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, ரேமுக்கு எக்ஸ்எம்பியை ஆன் செய்து, விண்டோஸ் ஒழுங்காகத் திறந்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டிருக்கிறீர்களா? நானும் விட்டிருக்கிறேன்.

எனக்குச் சிக்கல் தெரிய இரண்டு நாள் ஆனது. சில லட்சம் வரிகள் கொண்ட ஒரு சிஎஸ்வி கோப்பு. அதில் ஒரே கூட்டலை இரண்டு முறை ஓட்டினேன். இரண்டு முறையும் வேறு வேறு மொத்தம் வந்தது. கம்ப்யூட்டர் ஹேங் ஆகவில்லை, நீலத் திரை வரவில்லை. தப்பான விடையை, சரியான விடை மாதிரியே காட்டிக்கொண்டு அமைதியாக ஓடியது. ரேமைப் பழைய வேகத்துக்கு இறக்கிய பிறகுதான் இரண்டு மொத்தமும் ஒன்றானது. அன்று இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால், அந்தத் தப்பான எண் செய்தியாகவே வெளியாகியிருக்கும்.

நின்றுபோகும் கம்ப்யூட்டரைவிட, நிற்காமல் பொய் சொல்லும் கம்ப்யூட்டர்தான் ஆபத்தானது. இந்தச் சிக்கலோடு ஏறக்குறைய 45 ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒருவர் இருந்தார். சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை என்று அழைக்கப்படும் அமெரிக்கப் பொறியாளர் சீமோர் க்ரே. அவர் கதையைத் தெரிந்துகொண்டால், பயாஸில் நீங்க மாற்றும் ஒவ்வொரு எண்ணும் என்ன செய்கிறது என்பது புரியும்.

முதலில், 'கிளாக்' என்றால் என்ன?

பிராசஸருக்குள் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சின்ன வேலை முடிய வேண்டும். மின்சமிக்ஞை ஓரிடத்தில் புறப்பட்டு, வழியில் உள்ள டிரான்சிஸ்டர்களைக் கடந்து, அடுத்த துடிப்புக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தால் விடை சரி. கொஞ்சம் தாமதமானால், அங்கே பழைய மதிப்போ அரைகுறை மதிப்போ பதிவாகிவிடும்.

ஓவர்கிளாக்கிங் என்பது, நிறுவனம் உறுதி சொன்ன அளவைவிடத் துடிப்புகளை நெருக்கமாக்குவது. ஒளியே ஒரு நானோ விநாடியில், அதாவது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கில், சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசஸருக்கு ஒரு துடிப்பு 0.2 நானோ விநாடி. அதற்குள் ஒளி போவது வெறும் 6 சென்டிமீட்டர். கம்பியில் போகும் மின்சமிக்ஞைக்கு அதைவிடக் குறைவு. இந்தத் தூரக் கணக்கை வைத்தே கணினிகளை வடிவமைத்தவர் க்ரே.

சிப்பேவா ஃபால்ஸ் சிறுவன்

1925 செப்டம்பர் 28 அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் உள்ள சிப்பேவா ஃபால்ஸ் என்ற சிறு நகரத்தில் பிறந்தார் க்ரே. அப்பா சிவில் இன்ஜினியர். வீட்டின் அடித்தளத்தில் பையன் சோதனை செய்து விளையாட இடம் கொடுத்திருந்தார்கள். துளையிட்ட காகிதச் சுருளை மோர்ஸ் குறியீடாக மாற்றும் ஒரு கருவியைப் பத்து வயதிலேயே விளையாட்டுப் பொருட்களை வைத்துச் செய்துவிட்டாராம்.

1943-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராணுவம் அழைத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் ரேடியோ பிரிவில் வேலை பார்த்தார். பசிபிக் பகுதியில் ஜப்பானிய ரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணியிலும் இருந்தார். திரும்பி வந்து, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் பயன்முறைக் கணிதமும் படித்தார்.

1950-களின் தொடக்கத்தில் செயின்ட் பால் நகரில் இருந்த இன்ஜினியரிங் ரிசர்ச் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்தவர்கள் சிலர் 1957-ல் வில்லியம் நாரிஸ் தலைமையில் பிரிந்து கண்ட்ரோல் டேட்டா என்ற நிறுவனத்தைத் தொடங்க, கொஞ்ச நாளில் க்ரேயும் அங்கே போனார். மீட்டிங், மேலாளர், அறிக்கை எதுவும் அவருக்கு ஆகாது. 1962-ல் தன் ஆய்வுக்கூடத்தையே சொந்த ஊரான சிப்பேவா ஃபால்ஸுக்கு மாற்றிக்கொண்டார். தலைமையகத்தில் இருந்து யாரும் சும்மா எட்டிப்பார்க்க முடியாத தூரம்.

34 பேர் செய்த அதிவேகக் கணினி

1964-ல் வெளிவந்தது சிடிசி 6600. துடிப்பு 100 நானோ விநாடி, அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். அன்று உலகிலேயே வேகமான கணினி அதுதான். அதுவரை முன்னணியில் இருந்த ஐபிஎம்மின் 'ஸ்ட்ரெட்ச்' கணினியைவிடச் சுமார் மூன்று மடங்கு வேகம்.

துப்புரவுப் பணியாளர் உட்பட வெறும் 34 பேர் சேர்ந்து இதைச் செய்திருக்கிறார்கள், நம்மிடம் இவ்வளவு பெரிய மேம்பாட்டுப் பணி இருந்தும் எப்படி முதலிடத்தை விட்டோம் என்று ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் தன் அதிகாரிகளைக் கேட்டு எழுதிய குறிப்பு கணினி வரலாற்றில் பிரபலம்.

க்ரேயும் அவருடைய கூட்டாளி ஜேம்ஸ் தார்ன்டனும் செய்தது என்ன? வேகமான சிலிக்கான் டிரான்சிஸ்டர்களை எடுத்தார்கள். கம்பிகள் நீளாமல் இருக்க, அலமாரிகளைக் கூட்டல் குறி வடிவத்தில் அமைத்தார்கள். நெருக்கி வைத்ததால் சூடு ஏறியது. அதைச் சமாளிக்க டீன் ரவுஷ் என்ற பொறியாளர், ஃப்ரிட்ஜில் ஓடுகிற ஃப்ரியான் வாயுவைக் கணினிக்குள்ளேயே ஓடவிட்டார். இன்று நீங்க வாங்கும் லிக்விட் கூலருக்குப் பின்னால் இருப்பதும் இதே தேவைதான்.

வேகம் எல்லை தாண்டியபோது

அடுத்து 1969-ல் சிடிசி 7600. துடிப்பு 27.5 நானோ விநாடி, சுமார் 36 மெகாஹெர்ட்ஸ். வேகம் பிரமாதம். ஆனால் அடிக்கடி பழுதானது. அதிலும் நெருக்கமாகப் பாகங்களை அடுக்கி, 8 நானோ விநாடியைக் குறிவைத்தது 8600 திட்டம். இங்கேதான் க்ரே முட்டிக்கொண்டார். சூட்டைச் சரியாக வெளியேற்ற முடியவில்லை. ஆயிரக்கணக்கான பாகங்களில் எது எப்போது போகும் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் ஒழுங்காக ஓடும் நிலையே வரவில்லை.

ஓவர்கிளாக் செய்பவர்களுக்குப் பழக்கமான காட்சிதானே இது? ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகப் பார்த்தால் சாத்தியம். சேர்த்து ஓட்டினால் நிற்காது.

மீண்டும் முதலில் இருந்து வடிவமைக்க வேண்டும் என்றார் க்ரே. நிறுவனத்திடம் அதற்குப் பணம் இல்லை. 1972-ல் வெளியேறி, க்ரே ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். பகையாகப் பிரியவில்லை. பழைய நிறுவனமே புதியதில் முதலீடு செய்தது.

க்ரே-1: நான்கு அடிக்குள் எல்லாம்

1976-ல் வந்த க்ரே-1 தான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. சி எழுத்து வடிவம். சுற்றிலும் உட்காரும் சோபா மாதிரி இருக்கை, அதற்குள் மின்வழங்கிகள். எடை 5 டன்னுக்கு மேல். துடிப்பு 12.5 நானோ விநாடி, அதாவது 80 மெகாஹெர்ட்ஸ். மின்தேவை சுமார் 115 கிலோவாட்.

அந்த வடிவம் அழகுக்காக வந்ததில்லை. வளைவின் உள்பக்கத்தில் கம்பிகளை இணைத்தால் தூரம் குறையும். எந்தக் கம்பியும் நான்கு அடிக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டார்கள். சமிக்ஞைகள் சரியான நேரத்துக்கு வர, கம்பிகளை அளந்து வெட்டினார்கள்.

இன்னொரு விஷயம் உங்க மதர்போர்டுக்கும் நேரடியாகப் பொருந்தும். சர்க்யூட்டில் வேலை கூடும்போதும் குறையும்போதும் இழுக்கும் மின்சாரம் மாறினால், மின்னழுத்தம் ஆடும். ஆடினால் விடை தவறும். க்ரே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கணினி வேலை செய்தாலும் சும்மா இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் இழுக்கும்படி சர்க்யூட்டை அமைத்தார். மின்சாரம் வீணாகும், ஆனால் அழுத்தம் ஆடாது. இன்றைய பிராசஸர்களில் இந்த வசதி இல்லை. சும்மா இருக்கும்போது குறைவாக இழுத்து, வேலை வந்ததும் சட்டென்று பாயும். ஓவர்கிளாக் செய்த கணினி பெரும்பாலும் அந்தப் பாய்ச்சலில்தான் விழுகிறது.

மெமரியையும் அவர் மறக்கவில்லை. பிராசஸர் 12.5 நானோ விநாடியில் துடிக்க, மெமரியின் ஒரு பகுதி ஒரு வேலையை முடித்து அடுத்ததற்குத் தயாராக 50 நானோ விநாடி எடுத்தது. அதனால் மெமரியை 16 பகுதிகளாகப் பிரித்து, ஒன்று தயாராகும் நேரத்தில் மற்றொன்றைக் கேட்கும்படி செய்தார். உங்க மதர்போர்டில் ரேமை ஒற்றையாகப் போடாமல் ஜோடியாகப் போடச் சொல்வதற்கும் காரணம் இதே மாதிரியான யோசனைதான்.

லாஸ் அலமோஸில் 152 பிழைகள்

க்ரே கதையில் நமக்கு ரொம்ப முக்கியமான இடம் இது.

6600-ல் மெமரிப் பிழையைக் கண்டுபிடிக்கும் 'பாரிட்டி' வசதியே கிடையாது. அதற்கான கூடுதல் சர்க்யூட் வேகத்தைக் குறைக்கும் என்பது க்ரேயின் நிலைப்பாடு. 1976-ல் முதல் க்ரே-1, லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு ஆறு மாதச் சோதனைக்குப் போனது. அதில் பாரிட்டி மட்டும் இருந்தது. பாரிட்டி தவறைச் சொல்லும், திருத்தாது.

அந்த ஆறு மாதத்தில் பதிவான மெமரிப் பிழைகள் 152. மெமரியின் மொத்த அளவே 8 எம்பி தான். லாஸ் அலமோஸ் கடல் மட்டத்தில் இருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. விண்ணில் இருந்து வரும் கதிர்களால் உண்டாகும் நியூட்ரான்கள் மெமரி சிப்பில் மோதி, பூஜ்யத்தை ஒன்றாகவும் ஒன்றைப் பூஜ்யமாகவும் மாற்றியிருக்கும் என்று பிற்கால ஆய்வு விளக்கியது.

இதற்குப் பிறகு வாடிக்கையாளர்களுக்குப் போன க்ரே-1 கணினிகளில் பிழை திருத்தும் வசதி சேர்க்கப்பட்டது. 64 பிட் தரவுக்கு 8 பிட் கூடுதல் காவல். பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் வெளியிட்ட முறையை அடிப்படையாகக் கொண்டது இது. ஒரு பிட் தவறினால் தானே திருத்தும். இரண்டு தவறினால் சொல்லிவிடும். வேகத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தவர், கடைசியில் காவலுக்குச் சம்மதித்தார்.

இப்ப உங்க டெஸ்க்டாப்புக்கு வாங்க. இசிசி என்று தனியாகக் கேட்டு வாங்காத சாதாரண ரேமில் பிராசஸர் வரைக்கும் நீளும் பிழை திருத்தம் கிடையாது. டிடிஆர்5 ரேமில் சிப்புக்குள்ளேயே ஒரு திருத்தம் இருக்கிறது என்றாலும், சிப்பில் இருந்து பிராசஸர் வரும் வழியில் நடக்கும் தவறை அது பார்க்காது. ஓவர்கிளாக் செய்யும்போது தவறு நடப்பது பெரும்பாலும் அந்த வழியில்தான். இந்த ஒரு விஷயத்தில், 1976-ல் சோதனைக்குப் போன அந்த முதல் க்ரே-1 உங்க கணினியைவிட மேல். அது தவறியபோது சத்தமாவது போட்டது.

கடைசிப் பந்தயம்

1985-ல் க்ரே-2. துடிப்பு 4.1 நானோ விநாடி, சுமார் 244 மெகாஹெர்ட்ஸ். இந்த முறை சர்க்யூட்டுகளை அப்படியே ஃப்ளூரினர்ட் என்ற, மின்சாரம் கடத்தாத திரவத்தில் மூழ்கவிட்டார். இன்று டேட்டா சென்டர்களில் பேசப்படும் 'இம்மர்ஷன் கூலிங்' இதுதான்.

இதே காலத்தில் க்ரே என்ற பெயர் இந்தியச் செய்திகளிலும் அடிபட்டது. வானிலைக் கணிப்புக்காக இந்தியா அமெரிக்காவிடம் க்ரே கணினி கேட்டது. நீண்ட இழுபறிக்குப் பிறகு, கேட்டதைவிடத் திறன் குறைந்த க்ரே எக்ஸ்-எம்பி ஒன்று 1980-களின் இறுதியில் டெல்லிக்கு வந்தது. இந்த மாடலை வடிவமைத்தவர் க்ரே இல்லை, அவர் நிறுவனத்தின் ஸ்டீவ் சென். உங்க ரேமின் எக்ஸ்எம்பிக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. நாமே செய்துகொள்வோம் என்று 1988-ல் சி-டாக் அமைக்கப்பட்டது. 1991-ல் பரம் 8000 வெளிவந்தது.

க்ரே 1989-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தனி நிறுவனம் தொடங்கினார். சிலிக்கானை விட்டு, காலியம் ஆர்சனைடு சிப்புகளை வைத்து 2 நானோ விநாடி க்ரே-3-ஐச் செய்ய முயன்றார். ஒன்றே ஒன்று, 1993-ல் அமெரிக்க வளிமண்டல ஆய்வு மையத்துக்குப் போனது. பனிப்போர் முடிந்து, வாங்க ஆள் குறைந்தது. சாதாரண சிப்புகளை ஏராளமாகச் சேர்த்து ஓட்டும் முறை மலிவாகவும் வந்துவிட்டது. 1995 மார்ச்சில் நிறுவனம் திவாலானது. 1 கிகாஹெர்ட்ஸைக் குறிவைத்த க்ரே-4 முடியாமலே நின்றது.

எழுபது வயதில் மறுபடியும் ஒரு நிறுவனம் தொடங்கினார். 1996 செப்டம்பர் 22 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் நெடுஞ்சாலையில் நடந்த கார் விபத்தில் படுகாயமடைந்தார். அக்டோபர் 5 அன்று, 71 வயதில் இறந்தார்.

அவர் எட்ட நினைத்த 1 கிகாஹெர்ட்ஸ், 2000 மார்ச்சில் டெஸ்க்டாப் பிராசஸர்களில் வந்து நின்றது. அங்கிருந்து ஓட்டம் நீளவில்லை. 2004-ல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அங்கேயும் பெரிய தடை, க்ரே முட்டிய அதே சூடுதான்.

சரி, உங்க மேசையில் என்ன செய்யலாம்?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. பிராசஸரை ஏற்றும்போது ரேம் பழைய வேகத்திலேயே இருக்கட்டும். அது தேறிய பிறகு ரேமுக்குப் போங்க. இரண்டையும் சேர்த்து மாற்றினால், தவறு எங்கே என்று தெரியாது. 8600-ல் க்ரேக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

பிராசஸரை 100 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏற்றுங்க. மின்னழுத்தத்தைக் கடைசியாகத் தொடுங்க. சூடு, வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால், சூடு சுமார் 33 சதவீதம் ஏறும்.

மே மாதத்தை நினைத்து செட்டிங் போடுங்க. சாதாரண கூலர், அறை வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. 25 டிகிரி அறையில் 80 டிகிரி காட்டும் பிராசஸர், 40 டிகிரி அறையில் அதே வேலைக்கு 95-ஐ நெருங்கும். டிசம்பரில் தேறிய ஓவர்கிளாக், கோடையில் தேற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ரேம் பெட்டியில் அச்சிட்ட வேகம், அந்த ரேமுக்குச் சொன்ன உறுதி. உங்க பிராசஸரில் உள்ள மெமரி கன்ட்ரோலருக்கும் மதர்போர்டுக்கும் அது பொருந்தாது. நான்கு ரேம் போட்டால், இரண்டைவிடக் கஷ்டம். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்த அன்று இரவே மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டுத் தூங்குங்க. காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது தேறவில்லை. ஒரு படி வேகத்தை இறக்குங்க.

ஹேங் ஆகாததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீங்க. விடையைச் சரிபார்க்கும் சோதனைகளை ஓட்டுங்க. பிரைம்95 பிரபலமானதற்குக் காரணமே, கணக்கின் விடையை ஏற்கெனவே தெரிந்த விடையோடு ஒப்பிடுவதுதான். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் என்ற பெயரில் எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பாருங்க. இருந்தால், கணினி விழாமலே தடுமாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, எதையும் தொடும் முன் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்க. தவறான மெமரி, தப்பான தரவை உங்க டிஸ்க்கிலும் எழுதிவைத்துவிடும். பிறகு வேகத்தை இறக்கினாலும் அது திரும்பி வராது.

நான் இப்போது எக்ஸ்எம்பியில் எழுதியிருக்கும் வேகத்துக்கு ஒரு படி கீழேதான் ரேமை ஓட்டுகிறேன். என் வேலையில் அந்த வித்தியாசம் தெரியவே இல்லை. முக்கியமான மொத்தங்களை மட்டும் இன்றைக்கும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கிறேன்.